வாடகை சைக்கிளின் பல்லைப் பிடித்துப் பாருங்கள்: மோன் வாந்தூ அடிவாரக் கடை ஒன்று

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நாளுக்கு 60 யூரோ கொடுத்து எடுக்கிற சைக்கிளைத் தாராளமாகப் பார்க்கலாம். அதுவும் தெற்கு பிரான்சில், மோன் வாந்தூ மலையடிவாரத்துப் பெதுவான் ஊரில் எடுக்கிறீர்கள் என்றால் முதலில் எண்ண வேண்டியதே பின்சக்கரப் பல்தான். கடையின் பெயரைப் போடவில்லை. கொஞ்சம் குறையும் சொல்லப்போகிறேன், ஊரோ சின்ன ஊர், சைக்கிளை நம்பியே பாதிப் பிழைப்பு நடக்கிற ஊர்.

சொந்த சைக்கிளை எடுத்துப் போனால் என்ன என்று கேட்பீர்கள். பாரிசிலிருந்து அவின்யோனுக்கு டிஜிவி அதிவேக ரயிலில் மூன்று மணி நேரம்கூட ஆகாது, ஆனால் சைக்கிளைக் கழற்றி 130க்கு 90 சென்டிமீட்டருக்கு மேல் போகாத பையில் அடைத்தால்தான் பெரும்பாலும் ஏற்றுவார்கள். அப்புறம் கார்பான்த்ராவுக்கு இன்னொரு ரயில், அங்கிருந்து ஒரு 15 கி.மீ. பஸ்ஸோ டாக்சியோ. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரம் மாறுவதற்கு 60 யூரோவே மேல். பெடல், ஷூ, சீட் மூன்றையும் மட்டும் வீட்டிலிருந்து எடுத்து வந்தால் போதும். சீட்டை மாற்றித் தரச் சொன்னால் கடைக்காரர்கள் முகம் சுளிப்பதில்லை, இரண்டே நிமிட வேலை.

சரி, பல்லுக்கு வருகிறேன். கடையில் பளபளவென்று கண்ணில் படுகிற இடத்தில் நிற்பவை பந்தய வண்டிகள். முன்னால், பெடலோடு சுற்றும் செயின்ரிங்கில் 52/36, அதாவது 52 பல் ஒன்று, 36 பல் ஒன்று; பின்சக்கரத்துக் கேசட்டில் 11-30, அதாவது 11 முதல் 30 பல் வரை அடுக்கிய வளையங்கள். பார்க்க அழகு. ஆனால் பெதுவானிலிருந்து வாந்தூ உச்சிக்கு 21 கி.மீ. சொச்சம், ஏறும் உயரம் கிட்டத்தட்ட 1,600 மீட்டர், சராசரி சரிவு ஏழரை சதவீதம். அந்தச் சராசரியை நம்பினால் போச்சு. முதல் ஐந்தாறு கி.மீ. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நைசாகப் போகும். சான் எஸ்தேவ் வளைவில் இடதுபக்கம் திரும்பியதும் காடு, அங்கிருந்து ஒன்பது கி.மீ. தூரத்துக்கு ஒன்பது, பத்து சதவீதம், மூச்சு வாங்க ஒரு சமதளம் கிடையாது. இப்போது கணக்கைப் பாருங்கள். முன்னால் 34 பல், பின்னாலும் 34 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று, அதாவது சுமார் 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கி.மீ. வேகம். அதே மிதிப்பில் 36க்கு 30 போட்டால் ஒன்பது கி.மீ. ஆகிவிடும், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தச் சரிவில் அதற்குக் கால்கள் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக உழைக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல், நிறுத்தாமல். நம்மில் எத்தனை பேரால் முடியும்? முடியாதவர்கள் நிமிடத்துக்கு 45 சுற்று என்று மிதித்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள்.

இந்தக் கடையை எனக்குப் பிடித்துப் போனதற்கு முதல் காரணம் இதுதான். மெக்கானிக் பெரியவர் ஒருவர், ஐம்பத்தைந்து அறுபது வயது இருக்கும், என் உயரத்தைக் கேட்பதற்கு முன்பே "வாரத்துக்கு எவ்வளவு ஓட்டுவீங்க, மலை ஏறின பழக்கம் உண்டா" என்று கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு நான் கை வைத்திருந்த வண்டியை நகர்த்திவிட்டு, 50/34 செயின்ரிங், 11-34 கேசட் போட்ட வேறொன்றைக் கொண்டுவந்தார். விலையும் அதைவிடக் குறைவு. வாடகைக் கடையில் ஒருவர் வலிய வந்து குறைந்த விலை வண்டியைக் கொடுப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனால் அதே கடையில் மறுநாள் காலை கவுன்டரில் இருந்தது ஒரு இளைஞர். அவர் சும்மா இருக்காமல், "உங்களுக்கு இலவசமாக ஒரு அப்கிரேடு" என்று சொல்லி 50 மில்லிமீட்டர் ஆழ ரிம் (சக்கர விளிம்பு) போட்ட சக்கரங்களை மாட்டிவிட்டார். இதுதான் என் குறை. பெதுவான் இருக்கிற இந்த வோக்ளூஸ் மாவட்டத்தில் ஆழ ரிம் எதற்கு? ரோன் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து இறங்கும் மிஸ்த்ரால் காற்று இந்தப் பக்கம் சாதாரண விஷயம், ஒரு தடவை பிடித்தால் நாள்கணக்கில் அடிக்கும். 2016 டூர் தெ பிரான்சில் உச்சியில் முடிய வேண்டிய கட்டத்தைக் காற்றுக்குப் பயந்து ஆறு கி.மீ. கீழே, ஷாலே ரெய்னாரிலேயே முடித்தார்கள். மேலே நிறுத்த முடியாத கூட்டமெல்லாம் கீழே நெரிந்து, மோட்டார் சைக்கிள் நின்று, பந்தயத்தில் முன்னணியில் இருந்த ஃப்ரூமின் சைக்கிள் உடைந்து, முன்னணி வீரருக்கான மஞ்சள் ஜெர்சியோடு மனிதர் கால்நடையாக ஓடியது அன்றைக்குத்தான். உலகத்தின் பெரிய பந்தயமே மடங்கிப்போன காற்றில், பக்கவாட்டில் பாய்மரம் மாதிரி காற்று வாங்கும் சக்கரத்தை வாடகைக்காரனுக்கு மாட்டுவது என்ன அப்கிரேடு?

அன்றைக்கு நான் போனது நெஸ்க் பள்ளத்தாக்கு. வீல்-சுர்-ஓசோனில் ஆரம்பித்து சோ என்ற ஊர் வரை, பாறையைக் குடைந்த சாலை, நடுவில் சின்னச் சின்னச் சுரங்கங்கள், ஏற்றமே தெரியாத ஏற்றம். காஸ்தெலாராஸ் என்ற இடத்தில் நின்றால் எதிரே ரோஷே து சீர் பாறை செங்குத்தாக நிற்கும். அதற்குக் கொஞ்சம் முன்னால் பின்சக்கரம் பங்க்சர். சீட்டுக்கு அடியில் கடை கட்டிக்கொடுத்த பையைத் திறந்தால் ட்யூப் இருக்கிறது, லீவர் இருக்கிறது, பம்ப் இருக்கிறது, ட்யூபின் வால்வோ 40 மில்லிமீட்டர். 50 மில்லிமீட்டர் ரிமுக்குள் அது தலையைக்கூடக் காட்டாது, காற்றை எங்கே அடிப்பது? போனில் சிக்னலும் இல்லை. வழியில் வந்த பெல்ஜியக்காரர் ஒருவர் நீள வால்வு ட்யூப் ஒன்றைக் கொடுத்து, காசு வாங்க மறுத்து, பெல்ஜியத்தில் இதைவிட மோசமான சாலைகள் உண்டு என்று சம்பந்தமில்லாமல் பெருமை அடித்துவிட்டுப் போனார்.

திரும்பி வந்து சொன்னதும் பெரியவர் அந்த இளைஞரை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். ஆழம் குறைந்த அலுமினிய ரிம் மாட்டி, பையைக் கொட்டி ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, அன்றைய வாடகையைக் கழித்துவிட்டார். தவறு நடந்த பிறகு ஒரு கடை எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு மதிப்பெண் போடுவதாக இருந்தால் இங்கே முழுதாகப் போடுவேன். ஆனால் பையை நீங்களே திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொரு விஷயம், அவர் காற்றைப் பார்த்துப் பேசுகிறவர். வாந்தூ ஏற ஆசையாக வந்து நின்ற ஒரு கும்பலிடம், என்னையும் சேர்த்துத்தான், "இன்று வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். தெற்குப் பக்கக் காட்டுக்குள் காற்றே தெரியாது, ஷாலே ரெய்னாரைத் தாண்டி அந்த வெள்ளைச் சுண்ணாம்புக் கல் பரப்புக்கு வந்த பிறகுதான் அடிக்கும், அப்போது திரும்பி இறங்கவும் மனம் வராது என்றார். காற்று அடங்கின நாளில் விடியற்காலையிலேயே கிளம்பச் சொன்னார். கீழே வெயில் கொளுத்தினாலும் 1,910 மீட்டர் உச்சியில் பத்து டிகிரியாவது குறைவு, இறங்கும்போது வியர்வையில் நனைந்த சட்டையோடு நடுங்க வேண்டாம் என்று காற்றுத் தடுப்பு ஜாக்கெட் ஒன்றையும் இரவலாகக் கொடுத்தார். மலை ஏறின கதையை நான் எழுதப்போவதில்லை, எல்லோருக்கும் ஒரே கதைதான்: காட்டில் நரகம், மேலே காற்று, 1967 ஜூலை 13 அன்று டூர் பந்தயத்தில் பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சன் விழுந்து இறந்த இடத்துக்குப் பக்கத்தில் நினைவுக்கல், அதன் அடியில் தொப்பிகளும் தண்ணீர் பாட்டில்களும். 11-34 காப்பாற்றியது.

உண்மையைச் சொன்னால் எனக்கு வாந்தூவைவிடப் பிடித்தது "இன்று வேண்டாம்" நாளில் அவர் அனுப்பி வைத்த சுற்று. பெதுவானிலிருந்து மத்லேன் கணவாய் வழியாக மலோசேன், அங்கிருந்து ஷேன் கணவாய், சுசெத், லாஃபார், போம்-தெ-வெனீஸ், அப்புறம் வாக்கெய்ராஸ், ஜிகோந்தாஸ். தான்தெல் தெ மோன்மிராய் என்கிற கூர்கூரான சுண்ணாம்புப் பாறைகளைச் சுற்றிக்கொண்டே போகிற சாலை. எந்தக் கணவாயும் 500 மீட்டரைத் தொடாது, ஆனால் ஏறு, இறங்கு, ஏறு, இறங்கு என்று விடவே விடாது. இரண்டு பக்கமும் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம், பெரும்பாலும் கிரெனாஷ் என்ற திராட்சை வகை. கார் குறைவு, செப்டம்பரில் போனால் அறுவடை டிராக்டர்கள் மட்டும் சாலையில் மண்ணும் நசுங்கிய பழமும் சிந்தி வைத்திருக்கும், வளைவுகளில் பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள். போம்-தெ-வெனீஸின் இனிப்பு மஸ்கா ஒயினை ருசி பார்க்கக் கொடுப்பார்கள், குளிரக் குளிர, சாராயம் 15 சதவீதம். துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், வெட்கப்படாமல் துப்புங்கள். பிரான்சில் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற வரம்பு சைக்கிள் ஓட்டுகிறவருக்கும் உண்டு.

சில்லறை விஷயங்கள். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு: இங்கே இடதுகைப் பிரேக்தான் முன்சக்கரத்துக்கு, நமக்கு நேர் எதிர். கேட்டால் மாற்றித் தருவார்கள் என்று நினைக்காதீர்கள், ஹைட்ராலிக் டிஸ்க் என்பதால் அது பெரிய வேலை, ஊருக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றிக் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். டெபாசிட்டுக்குக் கிரெடிட் கார்டில் பெரிய தொகையைப் பிடித்து வைக்கிறார்கள், வண்டியைக் கொடுத்த பிறகு விடுவிக்கச் சில நாள் ஆனது. எடுக்கும்போதே ஃபிரேமில் இருக்கிற கீறலையெல்லாம் போட்டோ எடுத்துவிடுங்கள், பெரியவர் இருந்தால் அவரே எடுக்கச் சொல்வார். வாந்தூ உச்சிச் சாலையைப் பனிக்காலத்தில் மூடிவிடுவார்கள், அதனால் நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரைக்கும் உச்சிக்கென்று டிக்கெட் போடாதீர்கள். கடை மதியம் 12 மணிக்கு மூடி 2 மணிக்குத்தான் திறக்கும். பதினொன்றே முக்காலுக்குப் போய் நின்றாலும் அந்த இளைஞர் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருப்பார்.