கல்லாய்ச் சமைந்த அரோக்கேரியக் கூம்பு: பொருள் அருமை, விற்பனை அப்படியன்று

அர்ஜென்டினாவின் படகோனியாவில், சாந்தா குரூஸ் மாகாணத்துச் செர்ரோ குவாத்ராதோ கல்மரக் காட்டைச் சேர்ந்த அரோக்கேரியா மிராபிலிஸ் என்ற அழிந்துபோன ஊசியிலை மரத்தின் விதைக்கூம்பு ஒன்றை, நெடுக்காக அறுத்து மெருகேற்றிய இரு பாதிகளாக, இணையவழி விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கினேன். ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தில், எரிமலைச் சாம்பல் மூடிப் புதைந்த காட்டின் காய் இது. சாம்பலிலிருந்து கரைந்துவந்த சிலிக்கா திசுக்களுக்குள் ஊறி இறுகியதால், மரம் கல்லானபோதும் அதன் வடிவம் கலையவில்லை.

வெளிப்புறம் முழுதாக உள்ள கூம்பையே விரும்பும் சேகரிப்பாளர்கள் பலர் உண்டு. என் ஓட்டு அறுத்த கூம்புக்குத்தான், ஏனெனில் வெளியிலிருந்து பார்த்தால் சொரசொரப்பான பழுப்பு உருண்டையாக மட்டுமே தெரிவது, அறுத்த முகத்தில் வேறொன்றாகிவிடுகிறது. நடுவே தடித்த அச்சு. அதைச் சுற்றி நாலாபுறமும் விரியும் செதில்கள். செதிலுக்கு ஒன்றாகப் பதிந்திருக்கும் விதைகள். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து ஒவ்வொரு விதையாகப் பார்த்துக்கொண்டே போனால், சிலவற்றில் உள்ளீடு கால்சிடனி என்ற வெண்ணிறச் சிலிக்காக் கல்லாக மட்டுமே இருக்க, ஒன்றில் மட்டும் மெல்லிய கோடாகக் கரு தெரிகிறது. முளைக்காமலே கல்லாகிவிட்ட கரு. அன்று இரவு உணவு ஆறிப்போனதற்கு அதுவே காரணம்.

குறைகளுக்கு வருகிறேன். ஒரு பாதியின் ஓரத்தைப் புற ஊதா விளக்கில் காட்டியபோது, விரல்நகம் அளவுள்ள இடம் பால்நீலமாக ஒளிர்ந்தது. பள்ளத்தைப் பிசினால் நிரப்பி மெருகிட்டிருக்கிறார்கள். பழுதுபார்ப்பது குற்றமன்று, விளக்கக் குறிப்பில் அதைச் சொல்லாததுதான் குற்றம்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஆவணம். அர்ஜென்டினாவின் 25.743 எண்ணுள்ள சட்டம் 2003-இல் வந்தபின், அங்குள்ள புதைபடிவங்கள் அரசின் உடைமை. எனவே விற்பனைக்கு வரும் படகோனியக் கூம்பு எந்த ஆண்டு நாட்டைவிட்டு வெளியே வந்தது என்பதைக் கேட்டே ஆகவேண்டும். நான் கேட்டதற்கு "பழைய சேகரிப்பு" என்ற இரண்டு சொல் பதில் வந்தது. ஆண்டும் இல்லை, பழைய சேகரிப்பின் விவர அட்டையும் இல்லை. இந்தத் தலைவலி வேண்டாதவர்கள், அமெரிக்காவின் டகோட்டா மாநிலங்களில் தனியார் நிலங்களிலிருந்து எடுக்கப்படும் ஜுராசிக்கை அடுத்து வந்த கிரெட்டேசியக் காலச் சிறு கூம்புகளைத் தேடலாம். கண்ணைப் பறிக்கும் அழகு அவற்றில் குறைவு, ஆனால் நில உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைக் கேட்டுப் பெறமுடியும்.

கூம்புக்கு ஐந்து நட்சத்திரம், விற்றவருக்கு ஒன்று. பாதிகள் இரண்டும் வந்த பெட்டியிலேயே மீண்டும் பஞ்சு சுற்றப்பட்டு, திருப்பி அனுப்புவதற்காக மேசைமேல் இருக்கின்றன. கரு தெரிந்த அந்த விதையைப் படமெடுத்து வைத்துக்கொண்டேன்.