லாங் பஜார் சந்தில் 60 ரூபாய்க்குக் கிடைத்த மஞ்சள் சுவர்

வேலூர் லாங் பஜாரை ஒட்டிய சந்தில் ஒரு பழைய புத்தகக் கடை. அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மனின் 'மஞ்சள் சுவர்த்தாள்' சிறுகதையின் ஆங்கிலப் பதிப்பை அங்கே 60 ரூபாய்க்கு வாங்கினேன். முதுகில் பசை விட்டிருக்கிறது, எழுத்தும் பொடி. "பக்கத்தை எண்ணிப் பார்த்துவிட்டே எடுங்கள் அம்மா" என்றார் கடைக்காரர். எண்ணினேன், ஒன்றும் குறையவில்லை.

பின்னட்டையில்தான் எனக்குக் கோபம். புத்தி பேதலித்தவளின் பேய்க்கதை என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

பிள்ளை பெற்று நாளாகாத ஒருத்தி. கணவன் ஜான், டாக்டர். கோடைக்கு வாடகை பிடித்த வீட்டின் மாடியறையில் அவளைப் படுக்க வைத்து, எழுதக் கூடாது என்கிறான். நாத்தனாருக்குத் தெரியாமல் அவள் ஒளித்து எழுதுவதே கதை. சன்னலில் கம்பி, தரையோடு ஆணியடித்த கட்டில். முன்பு குழந்தைகள் இருந்த அறை போலும் என்று எண்ணிக்கொள்கிறாள். சுவரில் ஒட்டிய மஞ்சள் தாளின் கோலத்துக்குப் பின்னால் ஒரு பெண் தவழ்வதாக அவளுக்குத் தெரிகிறது. சுவரின் அடியில், தரையை ஒட்டி, அறை முழுக்கச் சுற்றிவரும் ஒரு தேய்ந்த தடம். யார் தேய்த்தது, எதற்கு என்று யோசிக்கிறாள். கடைசிப் பக்கத்தில் தானே தவழ்ந்து போகிறவளின் தோள் அந்தத் தடத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது. வழி தவறாது என்று மகிழ்ச்சியாக எழுதுகிறாள். அந்த வரியில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அவள் கண்ணை முழுவதும் நம்ப முடியாது, சரி. ஜானின் கண்ணை மட்டும் எப்படி நம்புவது? சதை பிடிக்கிறது, முகத்தில் களை வருகிறது, பசி எடுக்கிறது என்கிறான். அவள் இல்லை என்றாலும் கேட்பதில்லை. கில்மனே 1887இல் நரம்பு மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செலிடம் இப்படிப் படுக்க வைக்கும் ஓய்வுச் சிகிச்சைக்குப் போனவர். வாழ்நாள் முழுக்கப் பேனாவைத் தொடாதே என்று சொல்லி அனுப்பினாராம் மிட்செல். கதை வெளிவந்தது 1892இல்.

1998இல் மூத்தவள் பிறந்ததும் குடியாத்தத்தில் புகுந்த வீட்டுப் பின்னறையில் கிடந்தேன். மழை ஊறிய சுண்ணாம்புச் சுவரில் ஒரு கறை. நாளாக நாளாக, முக்காடு போட்டுக் குந்தியிருக்கும் கிழவியாகிவிட்டது. வந்த டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல், "சும்மா படுக்கச் சொல்லுங்கள், புத்தகம் கொடுக்காதீர்கள்" என்று என் கணவரிடம் சொன்னார். என் நாத்தனார் தலையணைக்கு அடியில் வார இதழ்களைச் செருகி வைத்தாள். அவளுக்கு நான் பட்ட கடன் தீராது. பிறகு வேலூருக்கு அழைத்து வந்தார்கள். 1918இலேயே ஐடா ஸ்கடர் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி திறந்த ஊர். இங்கே ஒரு பெண் டாக்டர் கட்டிலோரம் உட்கார்ந்து, "அந்தக் கறையில் என்னம்மா தெரிகிறது?" என்று கேட்டார். முக்கால் மணி நேரம் பேசினேன்.

கடையில் இன்னொரு பிரதி இருக்கிறது, இடப்பக்க அலமாரியில், கீழ்த்தட்டில். பின்னட்டையைப் படிக்காமல் வாங்குங்கள்.