கார் இன்சூரன்ஸ் சீப்பா எடுத்துத் தர்றேன்னு பிரெஞ்சுத் தீவான ரெயூனியன்ல ஒருத்தன் சுத்துறான், உஷார் மக்களே

நம்ம பாண்டி, காரைக்கால் ஆளுங்க இருக்கிற வாட்ஸ்அப் குரூப்ல எல்லாம் ஒருத்தன் மெசேஜ் போட்டுட்டு இருக்கான், "புது லைசென்ஸா, பரவாயில்ல, கார் இன்சூரன்ஸ் வருஷம் முழுக்க 600 யூரோ, ஒரே பேமென்ட்"னு. பேர் போட மாட்டேன், கேஸ் நடக்குது. ஆனா அவன் எப்படி ஏமாத்துறான்னு தெரிஞ்சுக்கங்க, ஏன்னா இது வழக்கமா நாம கேள்விப்படுற டுப்ளிகேட் பேப்பர் கதை இல்ல, செக் பண்ணிப் பார்த்தாலும் மாட்டிக்கிற மாதிரி பண்ணியிருக்கான்.

மாட்டினது என் தங்கச்சி புருஷன். காரைக்கால்ல இருந்து வந்து இங்க பிரெஞ்சு லைசென்ஸ் எடுத்து ஒரு பழைய கிளியோ வாங்கினாரு, வாங்கின உடனே ரெண்டு மூணு கம்பெனில விலை கேட்டா எல்லாரும் மாசம் 120, 130 சொல்றாங்க. புது டிரைவருக்கு அப்படித்தான், முதல் வருஷம் பிரீமியத்துக்கு மேல இன்னொரு மடங்கு வரைக்கும் கூட்டிப் போட சட்டத்துலயே இடம் இருக்கு. அப்பதான் குரூப்ல இவன் மெசேஜ். தமிழ்ல நல்லா பேசுறான், "அண்ணே நம்ம ஊரு ஆளு நீங்க, உங்ககிட்ட லாபம் பார்ப்பனா"ன்னு. ஆபீஸ் கிடையாது, சேந்த்-ஆந்த்ரேல ஒரு சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்ல வந்து கேஷா வாங்கிட்டு, கார்த் கிரீஸ் (வண்டியோட ஆர்சி), லைசென்ஸ், ஐடி எல்லாத்தையும் போட்டோ எடுத்துட்டுப் போனான். அன்னைக்கு ராத்திரியே பெரிய கம்பெனி லோகோ போட்ட அத்தெஸ்தாசியோன், அதாவது இன்சூரன்ஸ் சர்டிபிகேட், பிடிஎஃப்பா வந்துருச்சு.

மாப்பிள்ளை சும்மா நம்பல. 2024 ஏப்ரல் 1ல இருந்து இன்சூரன்ஸுக்கு ஆதாரமா வச்சிருந்த அந்த பச்சைக் கார்டு, கண்ணாடில ஒட்டுற பச்சை ஸ்டிக்கர் ரெண்டுமே பிரான்ஸ்ல கிடையாது, ரெயூனியனுக்கும் அதே சட்டம்தான். இப்ப போலீஸ், ஜாந்தார்ம்ங்கிற இன்னொரு போலீஸ் படை யாரா இருந்தாலும் நம்பர் பிளேட்டை அடிச்சு எஃப்விஏங்கிற இன்சூர் பண்ணின வண்டிங்க ஃபைல்ல பார்க்குறாங்க, அவ்ளோதான். அதுக்கு பொதுமக்கள் பார்க்குற சைட்டும் இருக்கு, கார்த் கிரீஸ்ல இருக்குற பிளேட் நம்பரும் ஃபார்முல் நம்பரும் போட்டா நம்ம வண்டி ஃபைல்ல இருக்கா இல்லையான்னு காட்டும், காசு கிடையாது. இவரு அதுல போட்டுப் பார்த்தாரு. முதல் நாள் இல்ல, கம்பெனி ஏத்துறதுக்கு 72 மணி நேரம் டைம் இருக்குன்னு அவன் சொன்னான், அது உண்மைதான். அப்புறம் பார்த்தா இருந்துச்சு! வண்டி நிஜமாவே இன்சூர் ஆகியிருந்துச்சு. வேற என்னதான் செக் பண்றது ஒரு மனுஷன்?

கொஞ்ச மாசம் கழிச்சு சேந்த்-சுசான் பக்கம் நாலு வழி ரோட்டுல ஜாந்தார்ம் நிறுத்தி பிளேட் நம்பர் அடிச்சுட்டு "மிஸ்யே, உங்க வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்ல"ங்குறாரு. இவரு போன்ல பிடிஎஃப் காட்டுறாரு, ஒரு வருஷத்துக்குன்னு போட்டிருக்கே சார்னு. அந்தம்மா, கூட இருந்த இன்னொரு ஜாந்தார்ம், அதை வாங்கிப் பார்த்துட்டு தலையை ஆட்டிட்டு திருப்பிக் குடுத்துட்டாங்க. எனக்கு போன் வந்தது ரோட்டோரத்துல இருந்து, மச்சான் வண்டியை எடுக்கக்கூடாதுங்குறாங்க, ஆள் கூட்டிட்டு வாங்கன்னு.

மறுநாள் நேரா கம்பெனிக்கே போன் போட்டோம், பிடிஎஃப்ல இருந்த நம்பருக்கு இல்ல, கம்பெனி சைட்ல இருந்த நம்பருக்கு. அப்பதான் வண்டவாளம் வெளிய வந்துச்சு. கான்ட்ராக்ட் நிஜம், மாப்பிள்ளை பேர்ல ஆன்லைன்ல எடுத்திருக்கான். ஆனா லைசென்ஸ் எடுத்து பதினஞ்சு வருஷம் ஆச்சுன்னும் போனஸ் (ஆக்சிடென்ட் இல்லாம ஓட்டினதுக்கு பிரீமியத்துல தர்ற தள்ளுபடி) 50 பர்சென்ட்னும் போட்டிருக்கான், அந்த போனஸ் வரணும்னா 13 வருஷம் ஒரு ஆக்சிடென்ட்டும் இல்லாம ஓட்டியிருக்கணும், இவரு லைசென்ஸ்ல இன்னும் மை காயல. அட்ரஸ் சேன்-தெனில எங்களுக்கு சம்பந்தமே இல்லாத ஒரு தெரு, ஈமெயில் அவனோடது. முதல் ரெண்டு மாசப் பணம் கட்டிட்டு மீதியை அமுக்கிட்டான். காசு வரலன்னா கம்பெனி ரெஜிஸ்டர்டு லெட்டர் போடணும், போட்டதுல இருந்து 30 நாள் கழிச்சு கவர் நின்னுடும், இன்னும் 10 நாள்ல கான்ட்ராக்டையே ரத்து பண்ணலாம். லெட்டர் போயிருக்கு, அந்த சேன்-தெனி அட்ரஸுக்கு. இவருக்கு எப்படி தெரியும்?

இன்னொண்ணு சொன்னாங்க, அதுதான் என்னைத் தூக்கிப் போட்டுச்சு. காசு ஒழுங்கா கட்டியிருந்தாலும் பொய்யான விவரம் வேணும்னே குடுத்த கான்ட்ராக்டை அவங்க செல்லாதுன்னு சொல்லலாமாம். கவர் நின்ன அப்புறம் யாரையாவது இடிச்சிருந்தா? அடிபட்டவங்களுக்கு அரசாங்க ஏற்பாட்டுல இருக்குற ஃபண்டு பணம் குடுத்துட்டு அப்புறம் இவர்கிட்ட திருப்பி வசூல் பண்ணும், கை கால் போற அளவுக்கு அடின்னா ஆயுசுக்கும் கட்ட வேண்டியதுதான். அதோட ஒப்பிட்டா அபராதம் ஒண்ணுமே இல்ல, அடிப்படை 500 யூரோ, கோர்ட்டுக்குப் போனா 3,750 வரைக்கும், லைசென்ஸ் மூணு வருஷம் வரை சஸ்பெண்ட் பண்ணலாம், வண்டியையும் பிடுங்கலாம்.

அபராத நோட்டீஸ் வந்தா பயந்துபோய் உடனே கட்டிடாதீங்க, கட்டினா ஒத்துக்கிட்டதா ஆயிடும். 45 நாளைக்குள்ள ஆட்சேபணை போடலாம், நாங்க ஜாந்தார்ம் ஸ்டேஷன்ல கம்ப்ளைன்ட் குடுத்த காப்பியை சேர்த்து அனுப்பியிருக்கோம், பதில் வரல இன்னும். பணம் கட்டாம ரத்தான ஆளுன்னு பேர் ரெக்கார்டுல ஏறிட்டதால வேற கம்பெனியும் எடுக்க மாட்டேங்குறான். அதுக்கு பூரோ சாந்த்ரால் தெ தரிஃபிகாசியோன்னு ஒண்ணு இருக்கு, கம்பெனி மறுத்தா 15 நாளைக்குள்ள அங்க எழுதணும், அவங்க ஒரு விலை போட்டு அந்த கம்பெனியையே கட்டாய இன்சூரன்ஸ் குடுக்க வைப்பாங்க. எழுதியிருக்கோம். அதுவரைக்கும் கிளியோ வீட்டு வாசல்ல நிக்குது, இவரு கார் ஜோன் பஸ்ல வேலைக்குப் போறாரு.

புரோக்கர்னு யார் வந்தாலும் ஓரியாஸ் நம்பர் கேளுங்க, ஓரியாஸ்ங்கிறது புரோக்கருங்க ரெஜிஸ்டர், எல்லா புரோக்கரும் அதுல பதிஞ்சிருக்கணும், சைட்ல பேர் போட்டா ஓசில காட்டும். இவன் பேர் அதுல இல்ல, நான் தேடிப் பார்த்துட்டேன். கேஷ் குடுக்காதீங்க, உங்க பேங்க் அக்கவுன்ட்ல இருந்து கம்பெனிக்கே நேரா போகணும். கான்ட்ராக்ட் முழுசா வாங்கி அட்ரஸ், லைசென்ஸ் தேதி, போனஸ் உங்களோடதுதானான்னு பாருங்க. பழைய கார் விக்கிறவன் "இன்சூரன்ஸ் இருக்கு, ஓட்டிட்டுப் போங்க"ன்னு சொன்னாலும் கேக்காதீங்க, வித்த நாள் முடிஞ்சு மறுநாள் ஆரம்பிக்கிற 0 மணியோட அவனோட கான்ட்ராக்ட் தானா நின்னுடும்.

இவன்கிட்ட எடுத்தவங்க நம்ம குரூப்லயே இன்னும் இருக்காங்கன்னு எனக்கு நல்லா தெரியும், எஃப்விஏல இன்னைக்கு காட்டுதுன்னு சும்மா இருக்காதீங்க, கம்பெனிக்கு போன் பண்ணி என்ன அட்ரஸ் போட்டிருக்குன்னு கேளுங்க. தப்பா இருந்தா கம்ப்ளைன்ட் குடுக்கணும், ஒரே ஆள் மேல நாலு பேர் குடுத்தா கேஸ் நகரும். பிரெஞ்சுல எழுதத் தயக்கமா இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, நான் எழுதித் தர்றேன், சேந்த்-ஆந்த்ரே பக்கம்னா கூடவும் வர்றேன்.