கேஒய்பி எக்செல்-ஜி கேஸ் ஷாக்: சேலம் ரோட்டுக்கும் ஏற்காடு மலைக்கும் சரிவருமா?

சரிவரும். ஆனால் காரின் குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர், அதாவது ஷாக், நாலை மட்டும் வாங்கி வந்து மாட்டினால் சரிவராது. இந்த செட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் பாதி இதிலேயே அடங்கிவிடுகிறது.

கேஒய்பி என்பது ஜப்பானின் கயாபா. எக்செல்-ஜி அவர்களுடைய சாதாரண வரிசை. ரேஸ் ஓட்டுவதற்கானது அல்ல. தேய்ந்துபோன கம்பெனி ஷாக் இருந்த இடத்தில் உட்கார்ந்து, கார் புதிதில் எப்படி ஓடியதோ ஏறக்குறைய அப்படி ஓட வைப்பதுதான் அதன் வேலை. இரட்டைக் குழாய் அமைப்பு: உள்குழாயில் பிஸ்டன் ஏறி இறங்கும், வெளிக்குழாயில் மீதி ஆயிலும் அதன் மேல் குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜனும் இருக்கும். கேஸ் எதற்கு என்றால், மோசமான ரோட்டில் பிஸ்டன் விடாமல் ஏறி இறங்கும்போது ஆயில் மோர் கடைந்த மாதிரி நுரைத்துவிடும். நுரைக்குள் பிஸ்டனுக்குப் பிடிமானம் கிடைக்காது, கார் படகு மாதிரி ஆடத் தொடங்கும். மேலிருந்து நைட்ரஜன் அமுக்கிக்கொண்டே இருந்தால் அந்த நுரை அடங்கும். பில்ஸ்டைன் பி6 போன்ற ஒற்றைக் குழாய் ஷாக்குகள் இன்னும் அதிக அழுத்தம், சூட்டையும் வேகமாக வெளியேற்றும். ஆனால் பிஸ்டன் நேராக வெளிக்குழாயிலேயே ஓடுவதால், கல் அடித்து ஒரு நசுங்கல் விழுந்தாலும் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். விலையும் வேறு ரகம். குடும்பத்தோடு வாரம் ஒருமுறை மலையேறும் காருக்கு இரட்டைக் குழாயே போதும்.

இதோடு கடைக்காரர்கள் தள்ளிவிடப் பார்க்கும் இரண்டு சாமான்கள் உண்டு. ஒன்று, ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவில் செருகும் ரப்பர் பஃபர். செருகிய இடத்தில் சுற்று வேலை செய்யாமல் நின்றுவிடும், அதனால் ஸ்பிரிங் விறைக்கும். கார் லேசாகத் தூக்கலாக நிற்பதால் வாங்கியவருக்கும் திருப்தி. விறைத்த ஸ்பிரிங் திருப்பி உதைக்கும்போது அதை அடக்க வேண்டிய ஷாக் பழசாகவே இருக்கிறதே, அதை யாரும் கேட்பதில்லை. மற்றொன்று, காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங். கம்பெனி அளவு ஷாக்கோடு அதைப் போட்டால் பிஸ்டன் எப்போதும் கீழ்ப்பாதியிலேயே ஓடி, ஷாக் முழுக்க அமுங்காமல் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பில் முட்டிக்கொண்டே இருக்கும். நம் ஊர் வேகத்தடைகளில் அடிவயிறு உரசுவது தனிக் கணக்கு. எக்செல்-ஜி கம்பெனி ஸ்பிரிங்குக்காகவே அளவெடுத்தது, அதோடுதான் அது ஒத்துப்போகும்.

வாங்கும்போது மாடல், வருடம் மட்டும் சொன்னால் போதாது. ஒரே காரிலும் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் முன்பக்க எண் வேறாக இருக்கலாம், டீசல் எஞ்சினின் கனம் அதிகம். முன்பக்கத்தில் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட் இருக்கும், அதில் இடது, வலது என்று தனித்தனி உண்டு. கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் மாட்டும் காதும் பிரேக் ஹோஸ் பிடிக்கும் தகடும் எதிரெதிர்ப் பக்கம் இருக்கும். இரண்டு பெட்டியையும் கடையிலேயே பிரித்து, பெட்டியில் உள்ள எண்ணும் ஷாக் உடம்பில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்கவும். பெட்டிக்குள், பிஸ்டனோடு சேர்ந்த கம்பியான ராடை அமுக்கி நாடாவால் கட்டியிருப்பார்கள். வெட்டியதும் ராடு தானாக, மெதுவாக, ஒரே சீராக வெளியே வர வேண்டும். நடுவில் நின்று நின்று வந்தாலோ, வராமலே கிடந்தாலோ அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பெட்டியில் ஷாக்கும் ஒரு புது நட்டும்தான் வரும். முன்பக்கத்துக்கு, ஸ்ட்ரட்டின் தலையைப் பாடியோடு பிடிக்கும் மேல் மவுண்டிங் 2, மவுண்டிங் பேரிங் 2, பம்ப் ஸ்டாப் 2, தூசி மறைக்கும் டஸ்ட் பூட் 2, ஸ்டெபிலைசர் லிங்க் 2. பின்பக்கத்துக்கு பம்ப் ஸ்டாப் ஒரு ஜோடி, மேல் ரப்பர் ஒரு ஜோடி. இவ்வளவும் தனியாக வாங்க வேண்டும். பழைய ஷாக் தளர்ந்திருந்தவரை, நசுங்கிப்போன மவுண்டிங் ரப்பரிலும் அடி குறைவாகவே விழுந்திருக்கும். புது ஷாக்கின் விறைப்பு முழுக்க அந்த ரப்பர் வழியாகத்தான் பாடிக்குப் போகிறது. அடுத்த வாரமே "டக், டக்" என்று சத்தம் வரும், பழி ஷாக் மேல் விழும். 60,000 கிலோமீட்டர் தாண்டிய கார் என்றால் மவுண்டிங்கை அழுத்திப் பார்த்து முடிவெடுக்கும் வேலையே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

கருவிகளில் சிக்கனம் பிடிக்கலாம், மூன்றில் மட்டும் கூடாது: தூக்கிய காரைத் தாங்கும் ஸ்டாண்டு, ஸ்பிரிங்கை அமுக்கும் ஸ்பிரிங் கம்ப்ரெசர், சொன்ன அளவு (டார்க்) மட்டும் இறுக்கும் டார்க் ரெஞ்ச். ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பது இங்கே வழக்கம். சுவரில் பரவலாகப் பாரம் ஏறினால் தாங்கும் கல் அது. ஒரே புள்ளியில் இரும்பு அழுத்தினால் எச்சரிக்கையே இல்லாமல் நொறுங்கும். ஸ்விஃப்டுக்கு வீல் நட் 19 மிமீ பாக்ஸ் ஸ்பேனர், ஐ20-க்கு 21. போலோவில் நட்டே கிடையாது, 17 அளவு போல்ட், இறுக்க வேண்டிய அளவு 120 நியூட்டன் மீட்டர். போலோவில் இன்னொரு சங்கதியும் உண்டு: ஸ்ட்ரட்டை இரண்டு போல்ட் போட்டுப் பிடிக்காமல், சக்கரத்தைத் தாங்கும் இரும்பான நக்கிளின் வளையத்துக்குள் செருகியிருப்பார்கள். வளையத்தை விரிக்கும் சிறு கருவி இல்லாமல் சுத்தியலால் தட்டினால் வராது. ஏற்காட்டிலேயே நிற்கும் கார்களில் பனியும் மழையும் சேர்ந்து போல்ட் துருவேறி இருக்கும். முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் ஆயில் அடித்துவிட்டுத் தூங்கப் போவது நல்லது.

முன்பக்கம்தான் முழு வேலை. காரைத் தூக்குவதற்கு முன், சமதரையில், சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளவும். எதற்கு என்பது பின்பக்கத்துக்குப் போகும்போது தெரியும். சக்கரத்தைக் கழற்றியபின் பிரேக் ஹோஸ் கிளிப்பையும் ஏபிஎஸ் வயரையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். லிங்க் நட்டைச் சுற்றும்போது பந்தும் கூடவே சுற்றும். நடுவில் ஆலன் கீயைச் செருகிப் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பேனரால் திருப்பினால் வரும். இரண்டு பக்க லிங்க்கையும் ஒன்றாகக் கழற்றிவிட்டால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு மல்லுக்கு நிற்காது. நக்கிள் போல்ட்டில் முட்டை வடிவத் தலை இருந்தால், அது கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வை, மாற்றும் போல்ட். கழற்றும் முன் ஒரு கோடு கீறி வைக்கவும். போல்ட் வெளியே வந்ததும் நக்கிள் வெளிப்பக்கம் சாயப் பார்க்கும். சாயவிட்டால் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட் கழன்று, கிரீஸோடு இன்னொரு வேலை வரும். கம்பி போட்டுக் கட்டிவிடுங்கள்.

மேலே மூன்று நட் இருக்கும் கார்களில் அந்த மூன்றை மட்டும்தான் கழற்ற வேண்டும். நடுவில் இருக்கும் ராடு நட்டை, ஸ்பிரிங்கை அமுக்காமல் தொடவே கூடாது. அந்த நட் ஒன்றுதான் அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கழன்றால் மவுண்டிங் துப்பாக்கிக் குண்டு மாதிரி பாயும்.

கழற்றிய ஸ்ட்ரட்டைத் தரையில் படுக்கவைத்து, கம்ப்ரெசரின் இரண்டு கொக்கிகளையும் நேரெதிராக மாட்டவும். மரையில் கிரீஸ் தடவி, இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றிக் கை ஸ்பேனரால் இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஏறினால் ஸ்பிரிங் வாழைப்பழம் மாதிரி வளைந்து கொக்கி நழுவும். ஸ்பிரிங்கின் மேல் முனை உட்காரும் தட்டான மேல் இருக்கையைக் கையால் ஆட்டினால் ஆடுகிறது என்றால் போதும், அதற்குமேல் அமுக்கத் தேவையில்லை. முனை யார் முகத்தையும் பார்க்கக் கூடாது. மேலே ஒரு கோணிச்சாக்கைப் போர்த்திக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

புது ஷாக்கை மாட்டுமுன் நிமிர்த்திப் பிடித்து, மெதுவாக முழுக்க அமுக்கி விட வேண்டும், நாலைந்து முறை. பெட்டியில் படுத்துக்கிடந்தபோது உள்குழாய்க்குள் புகுந்த கேஸ் அப்போதுதான் வெளியேறும். பளபளவென்று இருக்கும் ராடை இடுக்கியால் கவ்வுவதுதான் வீட்டு வேலையில் அதிகம் நடக்கும் பாவம். அந்த ஒரு கீறல் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் ஆயில் சீலை அறுக்கும், சீக்கிரமே ஷாக் ஒழுகும். ராடு நட்டை ஏர் கன்னால் அடிப்பதும் கூடாது. ராடு உள்ளே சுழன்று சீலையும் பிஸ்டனையும் கெடுக்கும். மேலே ஆலன் கீ, வெளியே வளைந்த ரிங் ஸ்பேனர், கொஞ்சம் பொறுமை; அவ்வளவுதான்.

ஸ்பிரிங்கின் கீழ் முனை இருக்கையில் உள்ள படியில் முட்டி உட்கார வேண்டும். விரல் நுழையும் இடைவெளி இருந்தாலே தப்பு. மேல் இருக்கையில் அம்புக்குறி இருந்தால் அது வண்டிக்கு வெளிப்பக்கம் பார்க்க வேண்டுமா, உள்பக்கமா என்பதைப் பழையதைக் கழற்றும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளவும். பேரிங்கைத் தலைகீழாகப் போட்டாலும் சில கார்களில் உட்கார்ந்துவிடும். அப்படிப் போட்டால் நின்ற இடத்தில் ஸ்டியரிங் திருப்பும்போது "டொய்ங்" என்று ஸ்பிரிங் முறுக்கி விடுபடும் சத்தம் கேட்கும். நக்கிள் போல்ட்டை இறுக்கும்போது துளையில் இருக்கும் சிறு இடைவெளியை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எடுக்க வேண்டும்; ஒரு சக்கரத்தின் மேல்பகுதியை உள்ளே தள்ளிப் பிடித்து இறுக்கினால் மற்றதையும் அப்படியே தள்ளி இறுக்க வேண்டும். போலோ போன்ற கார்களில் டார்க் வைத்தபின் இன்னொரு 90 டிகிரி திருப்பச் சொல்லும் போல்ட்டுகள் உண்டு. நீண்டுவிடும் போல்ட் அவை, பழையதையே திரும்பப் போடக் கூடாது.

இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்கு இரும்பான டார்ஷன் பீம் உள்ள சின்ன கார்களில் பின்பக்கம் சுலபம். பீமுக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்து, கீழ் போல்ட்டையும் மேல் நட்டையும் கழற்றினால் ஷாக் வந்துவிடும். ஜாக்கியை ரொம்பவும் இறக்கினால் ஸ்பிரிங் கீழே விழும், பிரேக் ஹோஸ் இழுபடும். ஆனால் பெரும்பாலான மெக்கானிக்குகளே கோட்டைவிடும் இடம் இங்கேதான் இருக்கிறது. ஷாக்கின் கீழ் முனை வளையத்தில் இருக்கும் ரப்பர் புஷ் இரும்போடு ஒட்டியது. போல்ட்டை இறுக்கும் கோணத்தில் அது நிலைத்துவிடும். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கிவிட்டால், கார் தரைக்கு வந்தபின் அந்த ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே வாழும். பின்பக்கம் தூக்கலாகவும் விறைப்பாகவும் தெரியும், சில மாதத்தில் புஷ் கிழியும். முதலில் அளந்து எழுதிய அளவு இதற்காகத்தான்: பீமை ஜாக்கியால் அந்த அளவு வரும்வரை தூக்கி, அதற்குப்பின் கடைசி டார்க்கை வைக்கவும். நக்கிளைப் பாடியோடு இணைக்கும் முன்பக்கக் கன்ட்ரோல் ஆர்ம் போல்ட்டை எதற்காவது தளர்த்தியிருந்தால் அதற்கும் இதே விதி.

ரோட்டில் எப்படி? ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலத்தின் இணைப்புகளே போதுமான பரிசோதனைக் கூடம். தேய்ந்த ஷாக்கில் ஒவ்வொரு இணைப்புக்கும் பின்பக்கம் இரண்டு மூன்று முறை எழுந்து உட்காரும். இதில் ஒரே அமுக்கம், அதோடு முடிந்தது. ஆனால் கம்பெனி ஷாக்கைவிட ஒரு சுற்று விறைப்புதான். நகருக்குள் 20, 30 வேகத்தில் சின்னச் சின்ன ஒட்டுகளும் கைக்குத் தெரியும். மெத்தென்று போக வேண்டும் என்பவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம்.

சேலம் சுமார் 278 மீட்டர் உயரம், ஏற்காடு 1,515. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் அவ்வளவு உயரமும் ஏறுகிறது. வளைவில் கார் சாயவே சாயாது என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். எவ்வளவு சாயும் என்பதை ஸ்பிரிங்கும் ஸ்டெபிலைசர் பாரும் தீர்மானிக்கின்றன. எவ்வளவு வேகமாகச் சாயும் என்பது மட்டுமே ஷாக்கின் கையில். அந்த வேகம் குறைவதால்தான், ஒரு வளைவிலிருந்து எதிர் வளைவுக்குத் திருப்பும்போது பின்சீட்டில் இருப்பவர்களுக்குக் குமட்டல் குறையும். இறங்கும்போது பிரேக்கில் மூக்கு சட்டென்று குத்தாமல் நிதானமாகத் தாழும். குப்பனூர் வழியில் ஒட்டுப்போட்ட தார் வளைவுக்கு நடுவில் வந்தால், பின்சக்கரம் தத்தித் தத்தி வெளியே தள்ளுவது நன்றாகவே குறைகிறது. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் பின்பக்கம் தாழ்வது மட்டும் மாறாது. அதைத் தூக்க ஷாக்கால் முடியாது, ஸ்பிரிங் சோர்ந்திருந்தால் ஸ்பிரிங்கைத்தான் மாற்ற வேண்டும்.

மாட்டி முடித்த அன்றே, மலைக்குப் போகும் முன் வீல் அலைன்மென்ட். ஸ்ட்ரட்டைக் கழற்றினாலே கேம்பர் நகரும், அதோடு சக்கரம் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணமான டோவும் நகரும்; விட்டுவைத்தால் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேயும். 500 கிலோமீட்டரில் நக்கிள், லிங்க், மேல் நட் எல்லாவற்றுக்கும் ஒருமுறை டார்க் சரிபார்க்கவும். அப்போதே ராடு பக்கம் எட்டிப் பார்த்தால் சீலைச் சுற்றி லேசான ஆயில் ஈரம் தெரியலாம், அது சாதாரணம். உடம்பில் வடிந்த தடம் இருந்தால் கேரண்டிக்குப் போக வேண்டியதுதான். பில்லில் பாக எண்ணையும் எழுதி வாங்கியிருந்தால்தான் கடைக்காரரிடம் அந்தப் பேச்சே எடுபடும்.