பாளையங்கோட்டை மனநல கிளினிக்: 5-க்கு 4, அந்த ஒன்று மைக்குக்காகப் போச்சு

சித்தி மகனைக் கூட்டிக்கொண்டு ராதாபுரம் பக்கத்திலிருந்து ஏழு மாதத்தில் ஐந்து தடவை போய் வந்தாச்சு. குறையும் சொல்லப் போவதால் பேர் போடவில்லை, தேவைப்படுகிறவர்கள் தனியாகக் கேளுங்கள்.

தம்பி சவுதியில் ஒரு மஸ்ராவில் (பாலைவனப் பண்ணை) ரெண்டு வருஷம் ஆடு மேய்த்தான், தமிழ் பேச ஓர் ஆள் கிடையாது. ஊருக்கு வந்த வாரமே, தண்ணி மோட்டார் சத்தத்துக்குள் யாரோ தன்னை வைகிறார்கள் என்றான், மோட்டாரை நிறுத்தியும் அவனுக்கு அது நிற்கவில்லை. தெரு "கோட்டி பிடிச்சிட்டு" என்றது. சித்தி செய்வினை என்று கோடாங்கியிடம் ஓடினாள், அதில் நாலு மாதம் வீண்.

இந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "அங்க யாரு கூட உக்காந்து சாப்பிடுவ?" அவன் "ஆட்டோட" என்றான். அவர் சிரிக்கவில்லை. தூக்கம், கஞ்சா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று அரை மணி நேரம் விசாரித்துவிட்டு அப்புறம் எங்களுக்கு விளக்கினார். மினசோட்டாவில் குடியேறிய நார்வேக்காரர்களுக்கு மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது மாதிரியான நோய், ஸ்கிசோஃப்ரினியா) கூடுதலாக வருவதை ஓடேகார்ட் என்பவர் 1932-லேயே எழுதிவிட்டாராம். 2005-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது குடியேறியவர்களுக்கு அந்த நாட்டுக்காரர்களைவிட 2.7 மடங்கு, அங்கேயே வளரும் பிள்ளைகளுக்கு 4.5 மடங்கு என்று வந்திருக்கிறது. மனசு பலவீனமானவன்தான் ஊரை விட்டுப் போகிறான், அதுதான் காரணம் என்றால் பிள்ளைகளுக்கு ஏன் கூடுகிறது? ஒதுக்கப்படுவதும் தனிமையும்தான் பெரிய சந்தேகம், சொந்த ஜனம் நிறைய இருக்கும் பகுதிகளில் அந்தக் கணக்கு குறைகிறது என்றார். இது பெரும்பாலும் ஐரோப்பாவில் குடியேறியவர்கள் கணக்கு, உங்க தம்பிக்கு அப்படியே பொருந்தும்னு சொல்ல மாட்டேன், போறவங்கள்ல ரொம்பப் பெரும்பாலானவங்களுக்கு இப்படி ஒண்ணும் ஆவதில்லை என்று அவரே சேர்த்துச் சொன்னதில்தான் எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது.

இப்போ குறை. டோக்கன் காலை ஏழுக்கு, டாக்டர் வருவது பதினொன்றுக்கு, அது கூடப் பரவாயில்லை. காதில் குரல் கேட்கிற ஆட்களை ஹாலில் உட்காரவைத்துவிட்டு, சுவரில் ஸ்பீக்கர் மாட்டி மைக்கில் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்! தம்பி ஒவ்வொரு தடவையும் என் கையைப் பிடித்து, "நெசமாவே கூப்பிட்டாவளா?" என்று கேட்கிறான். ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், ரிசப்ஷனில் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

ஃபீஸ் 400 ரூபாய். முடியாதவர்களுக்கு ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் இலவசம், அரசின் மனநல உதவி எண் 14416-க்கு ராத்திரியிலும் போன் போட்டுத் தமிழில் பேசலாம். மாத்திரையில் சத்தம் அடங்கிவிட்டது, ஆனால் பசி தாங்காமல் உடம்பு ஊதியது. சொன்னதும் வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பேன்ட் இன்னும் பத்தவில்லை, வேட்டியில்தான் வருகிறான்.