முறுக்கு டைமரும் முக்கால் ஏக்கர் காணியும்

கிளிநொச்சி நகரில் ஏ9 வீதியோரமாக உள்ள வீட்டுப்பாவனைப் பொருட்கடை ஒன்றில், கேக் தட்டுகளுக்கும் முட்டை அடிக்கும் கருவிகளுக்கும் நடுவே கிடந்த சமையலறை டைமர் ஒன்றை 1,250 ரூபாய் கொடுத்து வாங்கி ஏழு மாதங்களாகின்றன. சமையலுக்காக நான் அதை வாங்கவில்லை. வீட்டு முன்னறையில் மேசை போட்டு, சிங்கள, ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்கிக் கொடுக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் நான். அந்த மேசைக்காகத்தான் வாங்கினேன்.

உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் வட்டம் அது. முகப்பில் 60 நிமிடங்கள் குறிக்கப்பட்டுள்ளன. பின்புறம் காந்தம் இருப்பதால் இரும்பு அலுமாரியில் ஒட்டிக்கொள்ளும். பற்றரி கிடையாது. முகப்பைத் திருப்பும்போது உள்ளே சுருள்வில் இறுகுகிறது. அது தளரத் தளரப் பற்சக்கரங்கள் சுழன்று, பூச்சியத்துக்கு வந்ததும் மணி அடிக்கிறது.

வாங்க வைத்தது ஒரு பிழை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணி அனுமதிப்பத்திரம் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த வேளையில், இன்னொருவரின் பிறப்புச் சான்றிதழ் பற்றித் தொலைபேசியில் பேசிக்கொண்டும், மூன்றாமவருக்கு வட்ஸ்அப்பில் விலை சொல்லிக்கொண்டும் இருந்தேன். ‘1 ஏக்கர் 2 றூட் 10 பேர்ச்’ என்றிருந்ததை ‘2 ஏக்கர் 1 றூட் 10 பேர்ச்’ என்று எழுதிவிட்டேன். நாலு றூட் ஓர் ஏக்கர் என்பதால், முக்கால் ஏக்கர் காணி என் மேசையிலேயே முளைத்துவிட்டது. முத்திரை குத்துவதற்குச் சற்று முன் காணிக்காரரின் மகள் கண்டுபிடித்தார். இடப்பெயர்வுகளில் பத்திரங்களைத் தொலைத்து, எல்லைக்கும் அளவுக்குமாக இன்றும் அலைகிறவர்கள் நிறைந்த வன்னியில் இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய தவறன்று.

டைமரை முறுக்கி வைத்து, மணி அடிக்கும்வரை ஒரே வேலையில் இருக்கும் இந்த வழக்கத்துக்கு முன்னோடியான முறை இத்தாலியில் தோன்றியது. 1980களின் பிற்பகுதியில் பல்கலைக்கழக மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிறிலோ, தக்காளி வடிவச் சமையலறை டைமரை 25 நிமிடங்களுக்கு முறுக்கி வைத்து ஒரே வேலையைச் செய்வதும், பின் 5 நிமிடம் ஓய்வதும், நாலு சுற்று முடிந்ததும் நீண்ட இடைவெளி எடுப்பதுமாக அதை வகுத்தார். இத்தாலிய மொழியில் தக்காளிக்கு உரிய ‘பொமொடோரோ’ என்ற சொல்லே அதன் பெயராயிற்று. ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவும்போது மனத்தின் ஒரு பகுதி முந்தையதிலேயே தங்கிவிடுகிறது என்பதை சோஃபி லெறோய் 2009இல் வெளியிட்ட ஆய்வில் ‘கவன எச்சம்’ என்று விளக்கினார். என் மேசையில் அந்த எச்சத்தின் அளவு சரியாக மூன்று றூட்.

ஆயினும் 25 நிமிடம் எனக்குப் போதவில்லை. ஒரு காணி உறுதியின் நான்கு எல்லைகளையும் சிங்களத்தில் வாசித்துத் தமிழில் எழுதி, திரும்ப ஒப்புநோக்கும் நடுவில் மணி அடித்துவிடுகிறது. ஆகவே 40 நிமிடம் வைக்கிறேன். அதுவரை தொலைபேசி உள்ளறையில் இருக்கும். கைத்தொலைபேசியிலேயே டைமர் உண்டே என்று கேட்பவர்கள், அதை வைப்பதற்காகத் தொலைபேசியைக் கையில் எடுத்தவுடன் காத்திருக்கும் செய்திகளை நினைத்துப் பார்க்கவேண்டும். 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், தொலைபேசி சார்ஜின்றிக் கிடக்க, வேப்பமர நிழலில் கையால் எழுதிய பக்கங்களே மிகக் குறைந்த பிழைகளோடு அமைந்தவை என்பதை நான் பின்னர்தான் கவனித்தேன்.

எதிர்பாராத பயன், மற்றவர்கள் அதைக் காண்பதுதான். “அக்கா, கொழும்பு பஸ்ஸுக்குப் போகோணும், கெதியாச் செய்து தாங்கோ” என்று வருபவரிடம் முன்பு நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். இப்போது அலுமாரியைக் காட்டுகிறேன். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் பெரியவர் ஒருவர் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “இது சிறுபோகத்தில முறை வைச்சுத் தண்ணி விடுற மாதிரி, பிள்ளை. என்ர முறை வரட்டும்” என்று வாங்கிலில் அமர்ந்தார். நான் கொடுக்கக்கூடிய எந்த விளக்கமும் அதற்கு ஈடாகாது.

குறைகளும் உள்ளன. அதன் ‘டிக் டிக்’ ஓசை பகலில் தெரியாது. இரவில் துவாயால் சுற்றி வைத்தாலும் கேட்கும். மணியின் ஒலியைக் குறைக்க வழியில்லை. 10 நிமிடத்துக்கும் குறைவாக வைப்பதானால், முதலில் அதைத் தாண்டி முறுக்கிப் பின்னோக்கித் திருப்பவேண்டும். இல்லையெனில் மணி அடிக்காமலே நின்றுவிடும். ஓய்வுக்கு 5 நிமிடம் வைக்கும் ஒவ்வொரு தடவையும் இது எரிச்சலூட்டுகிறது. கைக்குழந்தையோடும் நோயாளியோடும் இருப்பவர்களுக்கு இக்கருவியை நான் பரிந்துரைக்கமாட்டேன். அவர்களுடைய நேரத்தைத் துண்டாக்குவது தொலைபேசியல்ல. அடுத்த அறையிலிருந்து வரும் அழைப்பை 40 நிமிடம் காத்திருக்கச் சொல்ல எந்த மணியாலும் முடியாது.

வாங்குவதானால் கடையிலேயே 15 நிமிடத்துக்கு முறுக்கி, கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் முதலில் எடுத்தது 12 நிமிடத்திலேயே அடித்துவிட்டது. கடைக்காரர் முகம் சுளிக்காமல் வேறொன்றை எடுத்துத் தந்து, அதுவும் அடித்து முடியும்வரை எனக்கு ஒரு கதிரையும் போட்டுத் தந்தார்.