ஊசி ஈரமானி: கேம்பர் வேன்காரர்கள் தாராளமாக வாங்கலாம்

மழைக்காலத்தில் வால்பாறையில், படுக்கையும் அடுப்பும் வைத்து வீடு போல ஆக்கிய கேம்பர் வேனை நிறுத்தித் தூங்கினால் காலையில் ஜன்னலின் அலுமினியச் சட்டம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர், மெத்தைக்கடியில் பிளைவுட்டில் கருப்பாகப் பூஞ்சை. இது ஒழுகலா, உள்ளே வேர்ப்பதா என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. அதற்காகத்தான் கோவையில் இந்த ஊசி ஈரமானியை வாங்கினேன், அருமையான சாமான்ங்க. பலகையில் இரண்டு ஊசியையும் குத்தினால் ஈர சதவீதம் காட்டும். சுவர்ப் பலகையில் மற்ற இடமெல்லாம் 13 காட்ட, பின்விளக்கு மூலையில் மட்டும் 26. பிரித்துப் பார்த்தால் அங்கே சீலன்டில் (தண்ணீர் புகாமல் இடுக்கை அடைக்கும் பசை) விரிசல். மெத்தைக்கடியிலோ ஈரம் ஒரே சீராகப் பரவியிருந்தது, அது நம் மூச்சும் சமையலும் செய்கிற வேலை. 1 கிலோ சமையல் கேஸ் எரிந்தாலே ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும், அதனால் மழையானாலும் கூரை ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துத்தான் சமைக்க வேண்டும். ஊசி ஆணியிலோ தகட்டிலோ பட்டால் எண் தாறுமாறாக ஏறும், இடம் மாற்றிக் குத்துங்கள். திரையில் விளக்கு இல்லாததுதான் குறை.